பொடோனியின் நேர்க்கோடு

ஜூலை 3, புதன்

இது பத்திரிகை ஆசிரியர் திலகவதி அம்மாள் சென்னையிலிருந்து போனில் சொன்ன யோசனை. "எழுத்து வரையுற நாள்லயெல்லாம் ரெண்டு வரி குறிச்சு வைங்க சார். முதல் இதழ்ல 'எழுத்து பிறந்த கதை'ன்னு போட்டுடலாம்." எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமே கிடையாது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அச்சில் என் பெயர் வரும் என்றால் நான் எதற்கும் ஒப்புக்கொள்வேன்.

செப்டம்பரில் பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை வரப்போகிறது. பெயரை இப்போது வெளியே விடக் கூடாதாம், அதனால் இங்கேயும் எழுதவில்லை. பளபளப்புத் தாள், பக்கத்தை அடைக்கும் தலைப்புகள். ஆங்கிலத் தலைப்புகளுக்குப் பொடோனி எழுத்தைப் போடுகிறார்கள். தமிழுக்கும் அதே மிடுக்கில் ஓர் எழுத்து வேண்டுமாம். ஆகஸ்ட் முடிவதற்குள் அது சிவகாசி அச்சகத்தில் இருக்க வேண்டும்.

பொடோனி இத்தாலிக்காரர். இருநூறு வருடங்களுக்கு முன் பார்மா நகரத்தில் அரசாங்க அச்சகத்தை நடத்தியவர். அவர் எழுத்தில் நிமிர்ந்து நிற்கும் கோடு கனமாக இருக்கும், குறுக்கே ஓடும் கோடு மயிரிழையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சமரசமே கிடையாது. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி மாதிரி எழுத்து மொடமொடவென்று நிற்கும்.

நான் இருபது வருடமாக மதுரையில் கடைப் பலகைக்கும் அப்பளப் பொட்டலத்துக்கும் மாநாட்டு வளைவுக்கும் எழுத்து வரைந்துகொண்டிருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் இல்லை. இது ஒழுங்காக வந்துவிட்டால், தமிழ் அச்சில் சோலைமலையின் எழுத்து என்று ஒன்று இருக்கும். கை தவறிவிட்டால், இந்த வயதில் இன்னொருத்தர் கூப்பிட்டுக் கொடுக்கப்போவதில்லை.

கூட்டாளி மங்களேஸ்வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்துப் பெண், நான் மங்கை என்று கூப்பிடுவேன். ஒன்பது வருடமாக இந்த மாடியறையில் எனக்கு எதிர் மேசை. நான் வரைவேன், அவள் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்வாள், எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்ப்பாள். சமயத்தில் அவளும் வரைவதுண்டு. அப்போது நான் குறை மட்டும் சொல்வேன்.

ஜூலை 5, வெள்ளி

வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் என் வேலை முறையையும் எழுதிவைக்கிறேன். என் வலது கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. தடித்த எழுத்தைப் படிக்கும், மெல்லிய கோட்டைக் காட்டாது. அதனால் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால்தான் எழுத்தைச் சரிபார்ப்பேன். இடது கண் பொய் சொல்லாது.

இன்னொன்று, நான் அளவை நம்புகிற ஆள் இல்லை. கணினி இரண்டு கோடும் ஒரே உயரம் என்று சொல்லும், பார்த்தால் ஒன்று குள்ளமாகத் தெரியும். வட்டமான எழுத்தை ஒரு துளி பெரிதாக வரைந்தால்தான் சதுர எழுத்தோடு சமமாக உட்காரும். எழுத்து வரைகிற எல்லோரும் செய்கிற ஏமாற்று வேலைதான் இது. "கண்ணு முன்னாடி அளவு நிக்காது" என்று மங்கையிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். வாசிக்கிறவன் அளவுகோலோடு வருவதில்லையே.

கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிறார்கள். மூக்கு அடைத்துக்கொண்டது. மருந்துக் கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். நல்ல மருந்து, உடனே திறந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

ட. பார்க்க எவ்வளவு லேசு! ஒரு கோடு இறங்கி, ஒரு கோடு வலப்பக்கம் ஓடுகிறது. பொடோனியாக இருந்தால் நிமிர்ந்த கோட்டைத் தூணாக்கி, அடிக்கோட்டை நூலாக்கியிருப்பார். அப்படியே செய்தேன். ட கீழே விழப்போகிறவன் மாதிரி நின்றது. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் மங்கை வந்து, "அடிக்கோட்டோட முனையில மட்டும் கொஞ்சம் கனம் குடுத்துப் பாருங்கண்ணே" என்றாள். கொடுத்தேன், ட நின்றுவிட்டது.

அதை நானே யோசித்திருப்பேன். நேரம்தான் இல்லை.

ஜூலை 11, வியாழன்

ப. மறுபடியும் ப.

ஜூலை 16, செவ்வாய்

முதல் பத்து எழுத்துகள் சென்னைக்குப் போயின. திலகவதி அம்மாள் போனில் கிட்டத்தட்டக் கத்தினார். "சார், இந்த ப-வைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம் போலிருக்கு!" போனை வைத்த பிறகு சும்மா உட்கார முடியவில்லை. மாடிப்படியில் இறங்கினேன், ஏறினேன், மெத்தைக் கடைக்காரரிடம் போய்க் காரணமில்லாமல் பேசினேன். இனிப்பு வாங்கித் தரட்டுமா என்று மங்கையிடம் கேட்டேன். "மொதல்ல தூங்குங்கண்ணே, கண்ணு ரெண்டும் ரத்தமா கெடக்கு" என்றாள்.

எழுத்து முடியட்டும், தூங்கிக்கொள்ளலாம். ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது. இன்னொன்று வாங்கினேன்.

ஜூலை 22, திங்கள்

திரையின் நடுவில் மங்கலாக ஒரு கறை. ஈரத்துணியால் துடைத்தேன், கண்ணாடி துடைக்கிற திரவத்தால் துடைத்தேன், போகவில்லை. யாரோ எண்ணெய்க் கையோடு தொட்டிருக்கிறார்கள்.

ம, ய, வ. எரிச்சலான நாள்.

ஜூலை 24, புதன்

போன வாரம் முடித்த ப-வை இன்று திறந்தால், நிமிர்ந்த கோடு இரண்டும் நடுவில் சிறுத்து நிற்கின்றன. இப்படியா அனுப்பினேன்? நடுவில் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்தேன். அதற்குள் மேல்பகுதி சிறுத்துவிட்டது. அதையும் இழுத்தேன். கீழ்ப்பகுதி! இந்தக் கணினிக்கு ஏதோ வியாதி. பழுதுபார்க்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பின்னாலும் முன்னாலும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்று டீ குடித்துவிட்டுப் போனார். தொழில் தெரியாத ஆள்.

ஜூலை 27, சனி

காலையில் வந்ததும் கேட்டேன். "மங்கை, ப-வுல கை வச்சியா?"

"இல்லையேண்ணே."

"இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. நேத்து சரி பண்ணிட்டுத்தான் போனேன்."

எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஒடியலண்ணே. சொல்லப்போனா நடுவுல கொஞ்சம் பெருத்திருக்கு. அளவு பாக்கட்டா?"

"அளவை எடுத்துக்கிட்டு வராத. பாத்தா தெரியலையா ஒனக்கு?"

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போய் வேறொரு ஃபைலைத் திறந்தாள். அந்தப் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவள் என்னைக் கேட்காமல் என் எழுத்தை மாற்றியதில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வேலையும் இதற்கு முன் வந்ததில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இன்று பத்திரிகைக்கு உதவாத ஒரு செய்தி. எங்கள் குளியலறைச் சுவரில் டைல்ஸ் கோணலாக ஒட்டியிருக்கிறான் கொத்தனார் சுடலை. கோடுகள் நடுவில் உள்ளே வாங்குகின்றன. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? போன் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

அவன் சிரிக்கிறான். "சார், ஆறு வருசமா நேரா இருந்த டைல்ஸு நேத்துத்தான் வளைஞ்சுச்சா? வீட்டுல அக்காகிட்டக் குடுங்க."

என் மனைவி வசுமதி போனை வாங்கி அவனிடம் குடும்ப விஷயமெல்லாம் விசாரித்துவிட்டு வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, காலையில டீயை டம்ளருக்கு வெளியில ஊத்துனீங்களே, அதுவும் சுடலை பண்ணுனதா?" என்றாள். தூக்கக் கலக்கம் என்றேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம் என்றாள். எழுத்து முடியட்டும் என்றேன். ஆகஸ்ட் பிறக்கப்போகிறது, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் என் நேரத்தைத் தின்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் திலகவதி அம்மாள் கூப்பிட்டார். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மொதல்ல அனுப்புன ப அவ்ளோ அழகா இருந்துச்சு. இப்ப வந்திருக்கிற ப மாசமா இருக்கிற மாதிரி இருக்கு. ம, ய, ட எல்லாமே வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. இப்படியே போனா நாங்க ரெடிமேடா இருக்கிற எழுத்தைத்தான் போட வேண்டி வரும்."

இடுப்பு ஒடிந்து கிடந்ததை நிமிர்த்தி நிமிர்த்தி அனுப்புகிறேன், அங்கே வயிறு தள்ளிக்கொண்டு போய்ச் சேர்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஆள்.

"நான் எதையும் தொடலண்ணே" என்றாள் மங்கை. "நீங்க குடுத்த ஃபைலத்தான் அனுப்புனேன். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு. சொன்னேன்ல, நீங்கதான் அளவை எடுத்துக்கிட்டு வராதன்னீங்க."

"ஒன்பது வருசம் எதுக்க ஒக்காந்து, கடைசில என் எழுத்துலயே கை வைக்கிறியா? ஒன் பேரு வரலங்கிற வயித்தெரிச்சல்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே, இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. இனி என் கணினிப் பக்கமே வரக் கூடாது என்றேன். கடவுச்சொல்லை அவள் கண் முன்னாலேயே மாற்றினேன். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள், சாவியை மேசைமேல் வைத்தாள்.

"பேரு வேணும்னு நான் ஒருநாளும் கேக்கலண்ணே. நீங்களா போடுவீங்கன்னு இருந்தேன்."

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டு நின்ற பிறகும் நான் நின்றுகொண்டே இருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை. கோபம்தான். வேறென்ன?

ஆகஸ்ட் 3, சனி

தனியாக வேலை. நிம்மதி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ங, ஞ. ஞ-வில் கனம் எங்கே விழ வேண்டும் என்று கேட்க ஆளில்லை. கீழே பஞ்சு அடிக்கிறார்கள். ஸ்ப்ரே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்றைய ஞ-வை அழித்தேன். ட-வையும் பழையபடி முதலிலிருந்து தொடங்கினேன். எந்த இடத்தைப் பார்க்கிறேனோ அந்த இடம் சிறுக்கிறது. பார்க்காத இடம் ஒழுங்காக இருக்கிறது. இதைப் பத்திரிகையில் போட முடியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மங்கை வந்தாள். திலகவதி அம்மாள் அவளைக் கூப்பிட்டு, சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். உள்ளே வந்து உட்காரவில்லை. "நான் உங்களோட சண்டை போட வரலண்ணே. அந்த ப-வைத் தாள்ல பெருசா எடுங்க" என்றாள். எடுத்தேன். தன் மேசை இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, ப-வின் இடப்பக்கத்துக் கோட்டை ஒட்டி வைத்தாள்.

"இப்ப பாத்துச் சொல்லுங்க. எது வளைஞ்சிருக்கு?"

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். "ரெண்டும்" என்றேன். "ஒன் ஸ்கேலும் வளைஞ்சுதான் இருக்கு. கீழ கீழ போட்டிருப்ப."

ஸ்கேலை எடுத்துத் திருப்பி வைத்தாள். மறுபடியும் அதே இடத்தில் வளைந்தது. ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். கம்பியும் வளைந்தது.

"அண்ணே," என்றாள், குரல் மாறியிருந்தது, "இது இரும்பு ஸ்கேலுண்ணே."

வெளியே கொஞ்சம் மழை பெய்தது. கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். கண்ணாடி மாற்றத்தான் போகிறோம் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளும் ஆமாண்ணே ஆமாண்ணே என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதாமல் தூங்கிவிட்டேன். சொட்டு மருந்து போட்டதில் எழுத்தே தெரியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். முழுக்கக் கட்டம் போட்ட தாள், நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைப் பார்த்துக்கொண்டே கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று சொல்ல வேண்டும். பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. "டாக்டர், இது ஜெராக்ஸ் எடுக்கும்போது இழுபட்டிருக்கு. நடுவுல கோடெல்லாம் உள்ள வாங்குது. நல்ல அச்சகமா பாத்து அடிக்கச் சொல்லுங்க" என்றேன். மங்கை குனிந்துகொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைப் பக்கவாட்டில் திருப்பிக் கொடுத்தார். "இப்ப?" நடுவில்தான் வளைந்தது. தலைகீழாகக் கொடுத்தார். நடுவில்தான். தாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைவு திரும்பவில்லை. அது தாளில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

இடது கண்ணின் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். விழித்திரை அந்த இடத்தில் கொப்பளம் மாதிரி மேலே எழுந்து நிற்கிறது, அதனால் நேர்க்கோடு வளைந்து தெரிகிறது. தூக்கமில்லாத, எந்நேரமும் பதற்றத்தில் இருக்கிற ஆண்களுக்கு இது வரும் என்றார். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மூக்குல அடிக்கிறாரு டாக்டர்" என்றாள் மங்கை. "ஒரு மாசத்துக்கு மேல. கேட்டா மருந்தே இல்லங்குறாரு."

ஸ்டீராய்டு கலந்த ஸ்ப்ரே. அதுவும் இதைக் கிளப்பிவிடக்கூடுமாம். உடனே நிறுத்தச் சொன்னார். "பெரும்பாலும் மூணு நாலு மாசத்துல தானா வத்திடும். சிலருக்கு வத்தாது, அப்ப லேசர் பாக்கலாம். நீங்க செய்ய வேண்டியது தூங்குறதும், இந்தக் கண்ணை வேலைக்கு விடாம இருக்கிறதும்தான்." வலது கண்ணைப் பரிசோதித்துவிட்டு அவர் மறுபடியும் இடது கண்ணுக்கே வந்து விளக்கை அடித்துப் பார்த்தார். எனக்கு இருப்பது ஒரே கண் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று நான்கு மாதம் என்றால் டிசம்பர். எழுத்து ஆகஸ்டில் போக வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மங்கை என் கணினியைக் கேட்டாள். கடவுச்சொல்லைச் சொன்னேன். ஜூலையில் சென்னைக்கு அனுப்பிய ப-வை, இப்போதைய ப-வுக்கு மேலே வைத்துக் காட்டினாள். என்னால் பார்க்க முடியாது என்பதால் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். முதலில் வரைந்தது அப்பழுக்கில்லாத நேர்க்கோடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்திலும் கோட்டை வெளியே இழுத்துவிட்டிருப்பது என் கை. இருபத்தெட்டு எழுத்துகள். என் கண்ணுக்குக் கோடு குழிந்து தெரிந்த அளவுக்கு எழுத்தை வீங்க வைத்திருக்கிறேன். யாரும் அதைக் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், அதுவும் சிரத்தையாக.

அவமானத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "மங்கை, அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அதப் பத்தி இப்பப் பேச வேணாம்ணே. எழுத்து முடியட்டும்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. திலகவதி அம்மாளிடம் நானே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் தேதியை மாற்ற முடியாது என்றார். மங்கை முடிப்பாள் என்றேன். எதிர் மேசையில் விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

ஆகஸ்ட் 17, சனி

வீட்டில் கிடக்கிறேன். வசுமதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். இந்தக் குறிப்பையும் பிடுங்க வந்தாள். பெரிய எழுத்தில் கொஞ்சமாக எழுதுவேன் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன். தூக்கம் வரச் சொன்னால் வராது. மின்விசிறியைப் பார்க்கிறேன், திரும்பிப் படுக்கிறேன், எழுந்து நடக்கிறேன். இந்நேரம் ர-வை என்ன செய்துகொண்டிருப்பாள்? அடியில் சாய்கிற கோட்டை நீளமாக்கிவிட்டால்? ஆட்டோ பிடித்துப் போய்விடலாம் என்று சட்டைகூடப் போட்டுவிட்டேன். வசுமதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்துகிறாள்.

பொடோனி நினைவு. அவர் வாழ்நாளெல்லாம் வெட்டிய எழுத்துகளையெல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். அதை இரண்டு பெரிய தொகுதிகளாக முடித்து அச்சிட்டவர் அவருடைய மனைவி மார்கெரிட்டா. பொடோனி இறந்து ஐந்து வருடம் கழித்து. இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் பாவம் பொடோனி, பார்க்காமலே போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன். அந்த ஐந்து வருடம் அந்தம்மா என்ன பாடுபட்டிருப்பார், யார் யாரெல்லாம் அவரிடம் வந்து, உங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று சொல்லியிருப்பார்கள் என்று இன்றுதான் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மங்கை வீட்டுக்கு வந்தாள். எனக்குக் காட்ட ஒன்றும் கொண்டுவரவில்லை, கேட்கத்தான் வந்தாள். ஞ-வில் கனம் எங்கே விழ வேண்டும்? காற்றில் விரலால் எழுதிக் காட்டினேன். எழுதும்போது கை எங்கே அழுந்துகிறதோ அங்கே என்றேன். அவளும் காற்றில் எழுதிப் பார்த்தாள். வசுமதி சமையலறையிலிருந்து எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு சண்டை வந்தது. மயிரிழைக் கோடுகளையெல்லாம் கொஞ்சம் தடிப்பாக்கிவிட்டாளாம்.

"யாரைக் கேட்டுச் செஞ்ச? பொடோனின்னா அந்த மெல்லிசுதான் உசுரு!"

"அவரு மையி, தாளு எல்லாத்தையும் தானே பாத்துப் பக்கத்துல நின்னு அடிச்சாருண்ணே. நம்மளுக்கு சிவகாசில மிஷினு ஓடுற ஓட்டத்துக்கு அந்தக் கோடு நிக்காது. பாதி ட அடியில்லாம வரும். அப்ப நீங்களே என்னைத் திட்டுவீங்க."

"எவ்வளவு தடிப்பாக்குன?"

"சொன்னா ஒங்களுக்குப் பாக்கணும்போல இருக்கும். சொல்ல மாட்டேன்."

கத்தினேன். அவளும் கத்தினாள். ஒன்பது வருடத்தில் அவள் என்னைப் பார்த்துக் கத்தியது இதுதான் முதல்முறை. அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். எனக்கு வாய் இருக்கிறது, சாட்சிக்குக் கண் இல்லை. கடைசியில், செய்துகொள் என்றேன். போகும்போது வசுமதியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு திலகவதி அம்மாளிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சிவகாசி. முதல் படிவம், அதாவது பல பக்கங்கள் சேர்ந்த முதல் பெரிய தாள், இயந்திரத்தில் ஏறியிருந்தது. எழுத்து எங்களுடையது என்பதால், முதல் தாளைப் பார்த்து நான் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்டுவார்கள். அது ஆசிரியர் போட்ட ஏற்பாடு, என் கண்ணுக்கு இந்த நோய் வருவதற்கு முன்பே போட்டது. மங்கையையே போடச் சொல்லலாமே என்று கேட்டேன். அச்சக மேலாளர், "பேப்பர்ல ஒங்க பேருதான் சார் இருக்கு, ரெண்டு நிமிச வேலை" என்றார்.

மை வாசனையோடு தாளைக் கொண்டுவந்து விளக்கு மேசையில் விரித்தார்கள். பக்கத்தை அடைத்துக்கொண்டு தலைப்பு. பழக்கதோஷம், வலது கண்ணை மூடினேன்.

எல்லாக் கோடுகளும் இடுப்பு ஒடிந்து நின்றன. ப, ட, ம, எல்லாமே. ழ-தான் எல்லாவற்றையும்விட மோசம். நோயாளி மாதிரி உள்ளே ஒட்டிப்போய் நின்றது. இது என் கண் காட்டுகிற பொய் என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் பொய்யை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கும்போது எப்படி நம்பாமல் இருப்பது? ஒருவேளை நிஜமாகவே ஒடிந்திருந்தால்? அவசரத்தில் அவள் தவறவிட்டிருந்தால்? இந்தத் தாள் ஆயிரக்கணக்கில் ஓடி ஊர் ஊராகப் போகும். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இயந்திரம் நிற்கும்.

மேலாளர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். இயந்திரக்காரர் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார். மங்கை எனக்கு எதிரே மேசையின் அந்தப் பக்கம் நின்றாள்.

"மங்கை, நேரா இருக்கா?"

"நேரா இருக்குண்ணே."

எனக்குக் கோணலாகத்தான் தெரிந்தது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தும் கோணலாகத் தெரிந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு கடைசிப் பக்கத் தாளையும் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் குழு, அச்சகம் எல்லாம் போட்ட பிறகு கீழே 'எழுத்து: மங்களேஸ்வரி, சோலைமலை' என்று இருந்தது. அன்று போனில் நான் கேட்டுக்கொண்டபடியே திலகவதி அம்மாள் செய்திருக்கிறார். மங்கை அதை வாசித்துவிட்டு, இடைவெளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் எனக்கு. திருத்தங்கல் தாண்டியதும், "ழ எப்படிண்ணே வந்திருக்கு?" என்று கேட்டாள். பிரமாதம் என்று வாய்வரை வந்தது. இருபது வருடமாக எழுத்தைப் பற்றி யார் எது கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.

"தெரியல மங்கை" என்றேன். "எனக்குத் தெரியல. நீ சொல்லு."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். "இடப்பக்கம் கனமா ஒரு கோடு எறங்குதுண்ணே. தூணு மாதிரி, எங்கயும் அசையாம. அடியில மெல்லிசா வலப்பக்கம் ஓடுது, அறுந்து போகல. அங்கிருந்து மேல ஏறி வளைஞ்சு, மறுபடியும் கனமா எறங்குது..." ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு கேட்டேன். வால் கோட்டுக்குக் கீழே போய்ச் சுழித்து முடிகிற இடத்துக்கு அவள் வந்தபோது, முழு எழுத்தும் என் முன்னால் நின்றது. கொஞ்சம்கூட வளையவில்லை.